ஈயக்குண்டுக்கு வச்ச பொட்டு

லோஜினி அப்பாவுக்கு,

நானும் மகளும் நல்லா இருக்கோம். கொழும்புல நீங்களும் நல்லாத்தான் இருப்பீங்க, அதனால கேக்கல.

நேத்து உங்க தூண்டில எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக் குளத்துக்குப் போனேன். ஆமா, நான்தான். போறதுக்கு முந்தி அதுல தொங்குற ஈயக்குண்ட அழுக்குப் போகப் புளிச்ச வினாகிரியில கழுவிக் காயவச்சு, முந்தின தேர்த் திருவிழாவுக்கு நீங்க வாங்கித் தந்த சிவப்பு கியூடெக்ஸ ரெண்டு தரம் பூசினேன். நகத்துல பூசி யாருக்குக் காட்டப் போறேன்? பூசினதும் அவ்வளவு அழகு. கண்ணு பட்டுடும்னு, புள்ளைக்கு வைக்கிற மாதிரியே ஓரமா ஒரு கறுப்புப் பொட்டும் வச்சேன்.

கரையில இருந்த ஆம்பளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "ஈயத்துக்கும் திருஷ்டியா தங்கச்சி?"ன்னாரு வீரய்யா அண்ணன்.

அவரு வாய மூடல, கம்பு வளைஞ்சிருச்சு. நீங்க வருஷக்கணக்கா வெரட்டின அந்தப் பெரிய விரால்! கறுப்புப் பொட்டக் கண்ணுன்னும் குண்டக் குஞ்சு மீனுன்னும் நெனச்சுக் கவ்வியிருக்கு. குண்டோட ஒட்டினாப்புல கட்டியிருந்த தூண்டில் முள்ளு வாயில ஏறிருச்சு. கியூடெக்ஸ்ல பல்லுத் தடம் அப்பிடியே இருக்கு.

லயத்துல பக்கத்து வீட்டுக் காம்பிராவுக்கெல்லாம் கொழம்பு குடுத்தேன். இன்னைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல ஒருத்தரும் "அவரு எப்ப வாறாரு"ன்னு கேக்கல. "பொட்டு எந்தப் பக்கம் வச்ச?"ன்னுதான் கேட்டாங்க.

தூண்டில கேட்டு ஆள் அனுப்பினீங்களாம். தர மாட்டேன். அங்கயே புதுசா வாங்கிக்கங்க. பொட்டு வைக்கத்தான் அங்க ஒருத்தி இருக்காளாமே.

இப்ப தோட்டமே கூப்பிடுற பேருல கையெழுத்துப் போடுறேன்,
தூண்டில்காரி