நூற்றுப் பதினெட்டாம் கோட்டில் இறங்கியவள்

இன்று மத்தியானம் பகாவ் டவுனில் பள்ளி வாசலில் வேன் கதவைத் திறந்தேன். மெழுகு வாசனை முகத்தில் அடித்தது. நீ போன பிறகு உன் சித்தி நார்வேயிலிருந்து அனுப்பிய பனிச்சறுக்குப் பலகைதான். இரண்டேகால் மீட்டர் நீளம். என் வீட்டில் எந்த அறையிலும் அது நேராகப் படுக்கவில்லை, அதனால் வேன் இருக்கைகளுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். மலேசிய வெயிலில் அதன் அடியில் பூசிய மெழுகு இளகிவிட்டது. மூன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன நாத்தம் லா ஆன்டி?" என்று கேட்டது. "எறும்பு மருந்து" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். உன் கதையைத் தொடங்கினால் ஒரு பயணத்தில் முடிகிற காரியமா?

நீயும் நானும் குதிக்கப் பழகியது பனியில் இல்லை. நீ தோட்டத்து ஆபீஸ் கிராணி மகள், நான் ரப்பர் பால்மரம் வெட்டுகிறவளின் மகள். மறுநடவுக்காக மரமெல்லாம் சாய்த்து மொட்டையடித்த சரிவில், உரச்சாக்கை விரித்து உட்காருவோம். செம்மண்ணில் சறுக்கி வந்து, அடிவாரத்து மேட்டில் எகிறி, வாய்க்காலைத் தாண்ட வேண்டும். நீ தாண்டுவாய். நான் வாய்க்காலுக்குள் விழுவேன். என் அம்மா விளக்குமாற்றோடு வந்து நிற்பார். "பொம்பளப் புள்ளைங்க இப்படிக் குதிச்சா கர்ப்பப்பை எறங்கிரும், தெரியுமா?" எனக்கு அடி, கிராணி மகள் என்பதால் உனக்கு ஏச்சு மட்டும். அந்த ஓரவஞ்சனையை நான் இன்னும் மறக்கவில்லை, பார்த்துக்கொள்.

உன் அம்மா இறந்த வருடம், பதினோரு வயதில், சித்தி உன்னை நார்வேக்கு அழைத்துக்கொண்டார். உன் முதல் கடிதத்தில் இரண்டே வரிதான் எனக்கு நினைவிருக்கிறது. "இங்கயும் ஒரு சரிவு இருக்குடி. வாய்க்கால்தான் இல்ல." பிறகு காலில் பலகை கட்டினாய், பனிமேட்டிலிருந்து சறுக்கிப் பறந்து தூரம் தாண்டுகிறவர்களின் சங்கத்தில் சேர்ந்தாய். பதினெட்டு வயதில், ஆண்கள் குதிக்கும் பெரிய மேட்டில் நானும் போட்டியிடுகிறேன் என்று கேட்டாய். பெண்களின் கருப்பைக்கு ஆகாது என்று அதிகாரி ஒருவர் சொல்லி அனுப்பினார். அன்று எனக்குப் போன் செய்து, "உங்கம்மா இங்க எப்படி வந்தாங்க?" என்றாய். இருவரும் சிரித்தோம். உன் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகும் பதினாறு வருடம் குதித்தாய். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் மேடு. சின்ன மேடுகளில் பெண்களுக்கென்று வைத்த போட்டிகளில் ஒருமுறை நான்காவதாக வந்தாய். மற்றபடி கடைசி, அல்லது கடைசிக்கு முந்தியது. தோள்பட்டை இரண்டு தடவை கழன்றது. "போதும்டி, விட்டுடேன்" என்று நான் சொன்னதற்கு ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாய். நான் சொன்னது தப்பு. அதை உன்னிடம் நேரில் சொல்லவே இல்லை, இப்போது சொல்கிறேன்.

பெரிய மேட்டிலும் ஒருநாள் உன்னைக் கூப்பிட்டார்கள், போட்டிக்கு இல்லை. ஆண்கள் குதிப்பதற்கு முன்னால் தடம் சரியாக இருக்கிறதா என்று யாராவது குதித்துப் பார்க்க வேண்டுமே, அதற்கு. மார்க் கிடையாது, பெயர் வாசிக்க மாட்டார்கள். "கர்ப்பப்பையை இன்னைக்கு மட்டும் வீட்ல வச்சிட்டு வரச் சொன்னாங்க" என்றாய். சரிவில் நின்றிருந்த உன் பயிற்சியாளர் பனியில் மீட்டர் கணக்குக்கு வரைந்த கோடுகளைப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டாம் கோட்டில் இறங்கியிருந்தாய். உனக்குப் பிறகு போட்டியில் குதித்த ஆண்களில் பதினொரு பேர் அந்தக் கோட்டைத் தொடவில்லை.

நீ அனுப்பிய அந்தக் காணொளியைப் பகாவில் நம் கிறிஸ்தவ சபை மண்டபச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். நீ இறங்கும்போது ஒரு காலை முன்னால் வைத்து, பின்கால் முட்டியை மடக்கினாய். மண்டபமே எழுந்து நின்றது. "பாரு, எறங்குன உடனே மண்டி போட்டு ஜெபம் பண்ணுது புள்ள" என்று ஒருவர் அழுதேவிட்டார். அடுத்த வாரம் பாஸ்டர் அதை வைத்தே பிரசங்கம் செய்தார். நான் வீடியோ காலில் சொன்னபோது நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஜெபம்லாம் மேட்டு உச்சியில உக்காந்திருக்கும்போதே முடிஞ்சிரும்டி. முட்டிய மடக்குனாத்தான் நடுவர் மார்க் போடுவாரு."

"அன்னைக்கு உனக்கு மார்க்கே இல்லையே. அப்புறம் ஏன் மடக்குன?"

"எவனும் குறிச்சுக்கலன்னா நான் அரைகுறையா எறங்கணுமாடி?"

பிறகு உனக்கு இரத்தப் புற்று வந்தது. உன் நல்லடக்கத்தை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். அழுதேன். அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

அந்தக் கோபத்தோடு இருந்தபோதுதான் டை அங்கிள் கூப்பிட்டார். ஆமாம், கொளுத்துகிற வெயிலிலும் டை கட்டி வருவார் என்று நாம் கேலி செய்த அதே சபைச் செயலாளர். நீ முட்டி மடக்கி இறங்கும் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டப் போகிறார்களாம். கீழே எழுத வேண்டியதையும் தயாராக வைத்திருந்தார்: "உலகை வென்றாள், ஆண்டவர் முன் மண்டியிட்டாள்."

"அங்கிள், அவ உலகத்த ஜெயிக்கல. மண்டியும் போடல. எறங்குனா."

"கடைசியா வந்ததையெல்லாம் எழுதுனா சின்னப் பிள்ளைங்களுக்கு அது என்ன சாட்சிம்மா? இது பாக்க அழகா இருக்குலா."

"அழகா இருக்கு. ஆனா பொய்யி."

அவர் கேட்கவில்லை. சரி அங்கிள், அப்படியென்றால் வருகிற ஞாயிறு என் வேன் ஓடாது என்றேன். தோட்டத்திலிருந்து பாடல் குழுவையும் பாதிச் சபையையும் ஏற்றி வருவது யார் என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "என்ன எழுதணும், நீயே சொல்லு" என்றார்.

போன ஞாயிறு மாட்டினோம். உன் பெயர், நம் தோட்டத்தின் பெயர். அதற்குக் கீழே: "பெண்களைப் போட்டியில் சேர்க்காத நாளில் இவள் இந்த மேட்டில் குதித்தாள். நூற்றுப் பதினெட்டு மீட்டர். அங்கே யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நாங்கள் குறித்துக்கொண்டோம்."

பெரிய சண்டை போட்டு ஜெயித்தவள்தான், இன்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் உன் பலகையின் வாசனையை எறும்பு மருந்து என்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் டை அங்கிளுக்கும் என்ன வித்தியாசம்? வெட்கமாக இருக்கிறது. நாளை அந்தப் பலகையை வெளியே இழுத்து, பிள்ளைகள் மடிமேல் குறுக்கே வைக்கப் போகிறேன். இது யாருடையது, எந்த வாய்க்காலில் தொடங்கியது, எந்தக் கோட்டில் இறங்கியது, எல்லாவற்றையும் சொல்வேன், கடைசியாக வந்ததையும் சேர்த்து. பகாவிலிருந்து தோட்டத்துக்கு இருபது நிமிடம். போதாவிட்டால் மறுநாளும் அதே வேன், அதே பாதை.