மகளுக்கு வைத்திருந்த குக்கர்

ஞாயிறு, இரவு.

இலங்கையில் வெள்ளத்தில் வீடிழந்த குடும்பங்களுக்காக எங்கள் தெருவில் பாத்திரம் பண்டம் சேர்க்கிறோம். ஒரு வாரமாகத் தறியை நிறுத்திவிட்டு வீடு வீடாக அலைந்தது நான். இன்று என் ஓரகத்தி மேகலா, பெட்டி பிரிக்காத மிக்சியைக் கொண்டுவந்து வைத்தாள். உடனே எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மேகலாவுக்கு என்னா மனசுபா!"

எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு ஓடினேன். மகள் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்திருந்த புதுக் குக்கரைத் தூக்கிவந்து அந்த மிக்சிக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணுக்கு வெச்சிருந்ததாச்சே அக்கா! என்கிட்ட மிக்சி ரெண்டு இருக்குது, ஒண்ணைக் கொடுத்தேன். உங்க மனசு எனக்கு வராதுக்கா."

நிஜமாகவே அவள் கண் கலங்கியிருந்தது. குக்கரையும் கொடுத்து, இதிலும் அவளிடம் தோற்றுவிட்டேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.