என் கையை உடைக்காமல் விட்ட மச்சானுக்கு

மச்சான்,

நேற்று காலை ஆபீசில் ஒரு மரப்பெட்டி சரிந்து விழுந்தது. கோயம்புத்தூரிலிருந்து மோட்டார் ஏற்றி வந்த பெட்டி. பலகை பிளந்ததும் பைன் மரத்தின் பிசின் வாசனை குப்பென்று வந்தது. லாரி புக்கிங் ஆபீசில் இத்தனை வருடமாக அந்த வாசனைக்குள்தான் இருக்கிறேன். ஆனால் நேற்று ரசீதுப் புத்தகத்தை வைத்துவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். "இன்னா சார், சுகரா?" என்று பெட்டி இறக்கியவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் திண்டிவனம் கோர்ட்டில் நடந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமையிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல முடியும்.

என் மகள் ஜெனி அப்போது ஐந்தாம் வகுப்பு. குருவி கூடு கட்டிக்கொள்ள ஒரு மரப்பெட்டி செய்துவரச் சொல்லிப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அளவுகள், படம், எல்லாவற்றுக்கும் மேலே "பெரியவர் ஒருவரின் உதவியுடன் செய்யவும்" என்ற வரி. அந்தத் தாளை நான்கு நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். ஏனென்றால் வீட்டில் இருந்த பெரியவன் நான். சனிக்கிழமை மதியம் நான் தூங்கும் நேரம் பார்த்துத் தானே ஆரம்பித்துவிட்டாள். தக்காளிப் பெட்டியிலிருந்து பிரித்த பலகை, என் சுத்தியல், ஒரு டப்பா பழைய ஆணி.

சுத்தியல் சத்தத்தில் விழித்தேன். நான் குடித்திருக்கவில்லை. இதை எழுதியே ஆகவேண்டும். என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் குடி என்று சொல்லி என்னைக் காப்பாற்றிவிடுகிறார்கள். குடிக்கவில்லை, தூக்கம் கெட்டது, அவ்வளவுதான். அவள் கையிலிருந்த பலகையைப் பிடுங்கி அதனாலேயே அடித்தேன். முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவள் கையைத் தூக்கினாள். பலகையின் மறுபக்கம் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துக்கொண்டு வந்தது. உங்கள் தங்கை ரோஸி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். அவளைத் தள்ளியதில் கிரைண்டரில் மோதி நெற்றி உடைந்தது. தரையெல்லாம் ரத்தம். ஜெனி கத்தவில்லை. "இனிமே சத்தம் போட மாட்டேம்ப்பா" என்றாள்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர்தான் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நான் சட்டையை மாற்றிக்கொண்டு டிவி பார்த்தேன்.

ரோஸி உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். திண்டிவனத்தில் ஏதோ ஒரு வீட்டுக்குச் சமையலறை அலமாரி போட்டுக்கொண்டிருந்தவர், தோளில் கருவிப்பையோடு அப்படியே பஸ் ஏறி விழுப்புரம் வந்தீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்ட கையைப் பார்த்துவிட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். பையைக் கீழே வைத்தீர்கள். "வா மாப்ள" என்றீர்கள். அந்தக் குரலில் கோபமே இல்லை.

என் முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனீர்கள். முதல் குத்தில் பல் போனது. விழுந்தவனை விலாவில் உதைத்தீர்கள். எழுந்தால் அடித்தீர்கள், எழாவிட்டால் எழுப்பி அடித்தீர்கள். நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒருவர்கூட விலக்கவில்லை. அவ்வளவு நாளாக எங்கள் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பிறகு என் வலது கையை வாசற்படிமேல் வைத்து மணிக்கட்டை மிதித்துக்கொண்டு, பையிலிருந்து கொட்டாப்புளியை எடுத்தீர்கள். கட்டையாலான அந்தச் சுத்தியல் உங்கள் தலைக்குமேல் போனது.

"அண்ணா, வேணாம்ணா!" என்று ரோஸி அலறினாள். ஓங்கிய கையை நீங்கள் தாழ்த்தவில்லை. அப்போதுதான் ஜெனி பேசினாள்.

"மாமா, அப்பா கைய உடைச்சிடாதீங்க. திங்கக்கிழம பொட்டி குடுக்கணும். பெரியவங்க யாராச்சும் புடிச்சிக்கணும்னு போட்டிருக்கு."

கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். உங்களுக்கு மூச்சு வாங்கியது. உங்கள் விரல் முட்டியிலும் தோல் உரிந்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யாரும் மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. என் ஆபீஸ் வாசலில் கிடந்த பைன் பலகைகளை எடுத்துவந்து நீங்களே அளவுக்கு அறுத்தீர்கள். ஜெனிக்கு உப்புத்தாள் கொடுத்து, மரம் ஓடுகிற போக்கிலேயே தேய்க்கச் சொன்னீர்கள். ஆணி இறங்கினால் பலகை பிளக்கும் என்று முதலில் சின்னதாய்த் துளை போட்டீர்கள். பிறகு வீங்கிய முகத்தோடு மூலையில் கிடந்த என்னைக் கூப்பிட்டீர்கள்.

"நீ ஆணியப் புடி. அவ அடிப்பா."

ரோஸி துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து வந்தாள். குழந்தைகள் ஆணி அடிக்கும்போது கிளிப்பால் பிடித்தால் விரலுக்கு ஆபத்தில்லை என்று அந்தத் தாளிலேயே போட்டிருந்தது. நீங்கள் அதை வாங்கித் தள்ளி வைத்துவிட்டீர்கள். "இவன் வெரலு போதும்."

பிடித்தேன். கட்டுப்போட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மற்றொரு கையால் அவள் அடித்தாள். இரண்டு ஆணி நேராக இறங்கியது. மூன்றாவதற்குச் சுத்தியல் நழுவி என் கட்டைவிரலில் விழுந்தது. வலியில் "ஐயோ" என்றேன், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் அவளைக் காணோம். அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். தையல் போட்ட கையின் கட்டு நனைந்து சிவந்துகொண்டிருந்தது.

"பாத்துக்கினியா?" என்றீர்கள். "அடிபட்டது ஒனக்கு. தலைய மூடிக்கிறது அவ."

முந்தைய நாள் நீங்கள் கொடுத்த எந்த அடியும் அப்படி இறங்கவில்லை மச்சான்.

அன்றோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. மூன்று மாதம் கழித்து ரோஸியை மறுபடி அறைந்தேன். நீங்கள் வந்து அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டீர்கள். இந்த முறை என்னைத் தொடவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "அன்னிக்கு ஒன்ன அடிச்சிக்கினு இருந்தப்போ எனக்கு நல்லா இருந்துச்சி மாப்ள. இன்னும் அடிக்கணும் போல இருந்துச்சி. அதான்டா எனக்கு பயமாக்கீது. இனிமே யார் மேலயும் கைய வெக்க மாட்டேன். நீயும் வெக்காத." நீங்கள் எனக்குப் புத்தி சொன்னது அந்த ஒருமுறைதான். அதிலும் பாதி உங்களுக்கே சொல்லிக்கொண்டது. ஒரு வருடம் ஞாயிறுதோறும் விழுப்புரத்திலிருந்து வந்து உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். ஒரு நாள் ரோஸி தானாகவே பையை எடுத்துக்கொண்டு, ஜெனியையும் அழைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

கல்லூரியில் ஜெனிக்கு இடம் கிடைத்த நாளில் நீங்கள்தான் அவளை பைக்கில் வைத்துத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனீர்கள். கூட்டேரிப்பட்டில் ரோட்டோரமாக ஒரு மினி லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் தன் மனைவியைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தான். சுற்றிக் கூட்டம் நின்றது. பைக்கை நிறுத்திவிட்டுப் போனீர்கள். அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வுடுப்பா, வுடுப்பா, அவுங்க எழுந்துக்கட்டும்" என்றீர்களாம். அவன் ஒரு கையை உருவிக்கொண்டான். வண்டியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தான். மூன்று முறை தலையில் இறக்கினான். அப்போதும் இன்னொரு கையை நீங்கள் விடவில்லை என்று ஜெனி சொன்னாள். உங்கள் தலை அவள் மடியில் கிடந்தது. இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

போன வாரம் ஜெனியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த டிரைவர் தரப்பு வக்கீல் சுற்றி வளைக்கவில்லை.

"ஒங்க மாமா சாது ஒண்ணும் கெடையாது. ஒங்க அப்பாவையே நடுத்தெருவுல போட்டு அடிச்சவரு. உண்டா, இல்லியா?"

எங்கள் தெருவில் யாரிடமோ விசாரித்திருக்கிறார்கள். நீங்கள்தான் முதலில் கைவைத்தீர்கள், அவன் தற்காப்புக்கு அடித்தான் என்று கொண்டுபோகப் பார்த்தார்கள். ஜெனி கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தாள். உண்டு என்று சொன்னால் ஏன் என்று சொல்லவேண்டும். இல்லை என்றால் பொய். அவள் எனக்காகப் பொய் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன். "சொல்லும்மா" என்றேன். போலீஸ்காரர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"ஆமாங்க, அடிச்சாரு" என்றாள். "எங்கப்பா என்னைய ஆணி வெச்ச பலகையால அடிச்சாரு. அதுக்குத்தான் மாமா அவர அடிச்சாரு. ஆனா கூட்டேரிப்பட்டுல மாமா யாரையும் அடிக்கல. கையத்தான் புடிச்சிக்கினு இருந்தாரு." பிறகு சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினாள்.

கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீதிபதி சொல்லச் சொல்ல அந்த வாக்கியங்கள் டைப் ஆயின. உங்கள் வழக்கில் என் செய்கையும் இப்போது எழுத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

வெளியே வராந்தாவில் அந்த டிரைவரைக் கூட்டி வந்தார்கள். எனக்கும் அவனுக்கும் இடையே ஒரு கை தூரம். சுவரோரம் கட்டட வேலைக்கு வைத்திருந்த கம்பிகள் கிடந்தன. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் குனிந்தேன். ஒரு கம்பியைத் தொட்டும்விட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. அவன் தலையில் எந்த இடம் என்றுகூடப் பார்த்துவிட்டேன். அது எனக்குள் அப்படியேதான் இருக்கிறது மச்சான். கோபம் என்று சொல்ல முடியாது. பசி மாதிரி.

வெறுங்கையோடு நிமிர்ந்தபோது வராந்தாவின் மறுகோடியில் ஜெனி நின்றிருந்தாள். உங்களைக் கொன்றவன் அவளுக்குப் பக்கத்தில்தான் நடந்து போனான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.