ஹுஸ்னா கொடுத்த அளவு

ஹுஸ்னா,

சாவி பால் பையில் இருக்கிறது. நான் மார்க்கையன்கோட்டைக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குள் வந்துவிடுவேன்.

நீ பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் பார்த்தேன். சாதிக் துபாய் போகும்போது உன்னிடம் விட்டுப்போன பாம்பு, பெருநாளன்று நான் போட்ட எலியை அப்படியே கக்கியிருந்தது. வீடே பிரியாணி சாப்பிடும்போது அதுக்கு மட்டும் சுண்டெலியா என்று, பொறியில் விழுந்த பெரிய எலியை அடித்துப் போட்டிருந்தேன். அதோடு விட்டேனா? "புருசன் ஊர்ல இல்லேன்னு இவ பாம்பையும் பட்டினி போடுறா"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீ அடுப்படிக்குப் போய்விட்டாய்.

சாதிக்குக்குப் போன் போட்டேன். "ஏம்மா, அதோட ஒடம்பு தடிச்ச எடத்தவிட எலி பருமனா இருக்கக் கூடாது. ஹுஸ்னா குடுக்குறதுதாம்மா சரியான அளவு" என்றான். பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் கொடுக்காமல் வயிற்றை ஆறவிட வேண்டுமாம். அப்புறமும் வழக்கத்தைவிடச் சின்னதாகத்தான் கொடுக்க வேண்டுமாம். அதுவரை யாரும் அதைத் தூக்கவும் கூடாதாம். அதைத் தூக்காமலே பெட்டியைத் துடைத்து, தண்ணீர் மாற்றி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் சொன்னதை அக்காவும் கேட்டாள். அது தப்பென்று அவளிடம் நேரில் சொல்லத்தான் போகிறேன்.

மாமி

குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

இன்னொன்று. தினமும் உன் தட்டில் நான் குவிப்பேன், நீ மிச்சம் வைப்பாய். அதைத் திமிர் என்றே நினைத்திருந்தேன். இன்று சோற்றைச் சட்டியிலேயே விட்டிருக்கிறேன். நீயே போட்டுக்கொள்.