ரீஸ்டார்ட் என்றொரு மாப்பிள்ளை

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்து மேசையில் புதிதாக ஒருவனை உட்கார வைத்திருக்கிறார்கள். "உங்களுக்கு உதவிக்கு" என்றார் மேனேஜர். உதவி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி இது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், எந்த மெக்கானிக்கை அனுப்புவது என்று முடிவு செய்வது என் ப்ரோகிராம்தான். வரிக்கு வரி அடைப்புக்குறிகள் நிறைந்த லிஸ்ப் மொழியில் தனியாளாக எழுதியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதோடு பேசலாம். ஒரு வரி தட்டிக் கேட்டால் பதில் சொல்லும். ஒரு ஃபங்ஷனை, அதாவது அதன் ஒரு சின்னத் துண்டை மட்டும் மாற்றிக் கொடுத்தால், நிற்காமல் அந்த நொடியிலிருந்தே புதியதை எடுத்துக்கொள்ளும். இந்த அருமை மேனேஜருக்குத் தெரியாது. அவருக்கு எதன் அருமைதான் தெரியும்? கண்ணாடி போட்ட காலண்டர் அவர். தேதி மட்டும் கேட்பார்.

வந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. முதல் கேள்வியே, "எதுக்கு மேடம் இத்தனை அடைப்புக்குறி?" எல்லாப் புதியவர்களும் கேட்பதுதான். கொஞ்சம் மூளை இருப்பவன் இரண்டாவது கேள்வியாகக் கேட்பான்.

"எண்ணத் தெரியாதவங்கள வடிகட்டத்தான்" என்றேன். சிரித்தான். சிரிக்கச் சொல்லவில்லையே நான்.

மார்ச் 6, வியாழன்

அவனுக்குப் பெயர் வைத்தாயிற்று. ரீஸ்டார்ட்.

பழகிக்கொள்ள எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு ஒத்திகைப் பிரதி ஓடுகிறது. அசல் ப்ரோகிராமைப் போலவே இருக்கும், உண்மையான ஆளை எங்கும் அனுப்பாது. அதில் ஒரே ஒரு வரியை மாற்றினான். மாற்றியவன் முழுப் பிரதியையும் நிறுத்தினான். மறுபடி ஓடவிட்டான். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"மாத்தினேன்ல மேடம். ரீஸ்டார்ட் பண்ணாத்தானே வரும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். சட்டையில் பொத்தான் அறுந்தால் ஆளையே கொன்று மறுபடி பெற்றெடுக்கிற ஜென்மம். இதை எனக்கு உதவிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இனி என் அறையில் அந்த வார்த்தையே கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஒத்திகைப் பிரதியில் யார் எதைத் தட்டினாலும் அப்படியே பதிவாகி நிற்கும். காலையில் வந்ததும் முந்தைய நாள் அவன் தட்டியதை எல்லாம் படிப்பது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. செய்தித்தாளைவிடச் சுவாரஸ்யம்.

நேற்று இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டிருக்கிறான். நான்கு என்று பதில் வந்திருக்கிறது. மறுபடியும் கேட்டிருக்கிறான்!

சாப்பிடும்போது தங்கையிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. "பாவம் அக்கா, விடு" என்றாள். பாவமாம். இவளுக்கு எல்லாரும் பாவம்தான். நாள் முழுக்க அடுத்தவர்களின் முட்டியையும் முதுகையும் பிடித்துச் சரிசெய்கிற வேலை. பிசியோதெரபிஸ்ட்டுகளின் நாக்குகூட யாரையும் நோகடிக்காது போல. அப்பா அம்மா போனபின் இவளை நான்தான் வளர்த்தேன். கொஞ்சம் கறாராக வளர்த்திருக்க வேண்டும்.

மார்ச் 22, சனி

வீட்டுச் சாவியை மறந்துவிட்டு ஆஃபீசுக்கு வந்தாள் தங்கை. நான் மேனேஜர் அறையில் மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால், ரீஸ்டார்ட்டின் நாற்காலியில் இவள் உட்கார்ந்திருக்கிறாள், அவன் நின்றுகொண்டிருக்கிறான், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ரெண்டும் ரெண்டும் நீங்கதானான்னு கேட்டேன் அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. அவன் என்னைப் பார்த்து, "பதில் மாறுதான்னு பாத்தேன் மேடம்" என்றான்.

அவன் தட்டுவதை நான் படிக்கிறேன் என்று இப்போது அவனுக்குத் தெரியும். தெரியட்டும். படிக்கிற மாதிரி எழுதட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

தங்கை இப்போதெல்லாம் தாமதமாக வருகிறாள். நோயாளிகள் அதிகமாம்.

ஏப்ரல் 5, சனி

நோயாளியாவது மண்ணாவது!

அவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். ரீஸ்டார்ட்டை. நான் மடித்துக்கொண்டிருந்த போர்வை கையிலிருந்து நழுவிவிட்டது.

"ஊர் உலகத்துல உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

"கத்தாத அக்கா. நீ சரின்னு சொன்னாத்தான். அவருகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"அப்போ வேண்டாம்."

"சரி, வேண்டாம். ஆனா காரணம் சொல்லு. ரீஸ்டார்ட் பண்றாருங்கறது ஒரு காரணம் இல்ல."

போர்வையை எடுத்து மறுபடி மடித்தேன். அவன் குடிப்பதில்லை, கடன் இல்லை, குரலை உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை. மக்கு என்பது ஒரு காரணம் ஆகாதா? இந்த வீட்டில், என் சாப்பாட்டு மேசையில், ஒரு அரைவேக்காடு உட்கார்ந்து என் தங்கையை "ஏம்மா" என்று கூப்பிடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? அவளுக்கு நான் மட்டும் போதாதா?

கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், யார் படிக்கப் போகிறார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய வாடிக்கையாளர் வருகிறார். நூறு கட்டடங்களுக்குச் சொந்தக்காரர். ஒத்திகைப் பிரதியில் ப்ரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். "இந்தத் தடவ புது ஆளே காட்டட்டும்" என்கிறார் காலண்டர்.

காரணம் கேட்டாள் அல்லவா? தயார் செய்தாயிற்று.

எந்த மெக்கானிக் அருகில் இருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்கிற சின்ன ஃபங்ஷன் ஒன்று. நான் எழுதியது. அதில் 'சிறியது' என்ற அடையாளத்தை 'பெரியது' என்று திருப்பினேன். ஃபைலில் அல்ல, ஓடுகிற பிரதியில் மட்டும். ஒரே ஒரு குறி. இனி அது இருப்பதிலேயே தூரத்தில் உள்ள ஆளைத்தான் அனுப்பும். ஃபைலைத் திறந்து எத்தனை முறை படித்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். தட்டியதன் பதிவையும் துடைத்துவிட்டேன்.

நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் ஃபைலில் இருப்பது ஏறி, எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த வார்த்தையை நான்தான் தடை செய்திருக்கிறேனே.

ஏப்ரல் 9, புதன்

முழிக்கிறான். பார்க்கப் பார்க்க ஆனந்தம்.

பக்கத்துத் தெருவில் ஆள் இருக்க, ஊரின் மறுகோடியிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறது திரை. தன் ஃபைலைப் படித்தான். என் ஃபைலைத் திறந்தான், படித்தான், மூடினான். மறுபடி திறந்தான். மதியம் மெல்லக் கேட்டான்: "மேடம், ஒரே ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா?"

"தாராளமா. உங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே."

காது சிவந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 10, வியாழன்

"ரெண்டு நாளா அவரு ஒரு மாதிரி இருக்காரு. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. ஆஃபீஸ்ல என்னக்கா நடக்குது?"

"அவனுக்கு வேல தெரியல. அதான் நடக்குது."

தங்கை சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். அவளுக்குப் பிடித்ததைத்தான் செய்திருந்தேன். தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

காலையில் போனதும் அந்த அடையாளத்தைத் திருப்பி வைத்துவிடலாம். ஒரு நொடி வேலை. அவன் முழித்ததே போதும்.

ஏப்ரல் 11, வெள்ளி

திருப்பி வைக்கவில்லை. போனதும் காலண்டர் என்னிடம் வந்து, "புது ஆள் எவ்ளோ பொறுமை, பாத்தீங்களா? நீங்களும் அவர்கிட்ட கத்துக்கலாம்" என்றார். நான்! அவனிடம்! திறந்த திரையை மூடிவிட்டேன்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவன் ஓட்டிக் காட்டினான். வாடிக்கையாளர் ஒரு கட்டடத்தைச் சொன்னார். ஊரின் மறுகோடி மெக்கானிக் பெயர் வந்தது. "அவரு வர்றதுக்குள்ள நான் படியில எறங்கி வீட்டுக்கே போயிடுவேன்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அவன் திரையைப் பார்த்தான். "ஒரு நிமிஷம் சார்" என்றான். தேடவில்லை, யோசிக்கவில்லை. நேராக அந்தச் சின்ன ஃபங்ஷனை, என் ஃபங்ஷனை, தட்டி ஓடுகிற பிரதிக்குக் கொடுத்தான். அடுத்த நொடி சரியான பெயர் வந்தது.

"நிறுத்தாமயே மாத்திட்டீங்களா!" என்று வியந்தார் வாடிக்கையாளர்.

"மேடம் சொல்லிக் குடுத்தது சார்."

என் பக்கம் திரும்பவே இல்லை. ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. எனக்கும் கை கொடுத்தார்கள்.

தெரிந்துவிட்டது அவனுக்கு. தங்கையிடம் சொல்லப் போகிறான். சொல்லாமல் எப்படி இருப்பான்? நானாக இருந்தால் வாசலிலேயே நின்று சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 12, சனி

தங்கை வந்தாள். பாட்டு முணுமுணுத்தாள். "நேத்து நல்லா நடந்துச்சாமே" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்னும் சொல்லவில்லை. எதற்காக வைத்திருக்கிறான்? நான் கல்யாணத்துக்கு முரண்டு பிடித்தால் எடுத்துக் காட்டுவதற்கா? பெருந்தன்மை காட்டுகிறானோ? பெருந்தன்மையாம், மண்ணாங்கட்டி. காலை வணக்கம் மட்டும் தவறாமல் சொல்கிறான். அவள் கைபேசி ஒலித்தாலே பக்கென்கிறது. சனியனே, சொல்லித் தொலையேன்டா!

ஏப்ரல் 22, செவ்வாய்

நானே கேட்டுவிட்டேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. "புதன்கிழமையே. என் கம்ப்யூட்டர்ல தனியா இன்னொரு பிரதிய புதுசா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். அதுல சரியா வந்துச்சு. ஃபைல்ல தப்பில்லன்னா, ஓடறதுல யாரோ கை வெச்சிருக்கணும். நாம ரெண்டு பேருதானே மேடம்."

"அப்ப ஏன் வெள்ளிக்கிழமை வரைக்கும்..."

"நீங்களே எடுத்துடுவீங்கன்னு நெனச்சேன். அன்னிக்குக் காலையில எடுத்துட்டீங்களான்னு பாக்காமயே ஆரம்பிச்சேன்."

"அவகிட்ட ஏன் சொல்லல?"

"அவளுக்கு நீங்கன்னா உயிரு. அத உடைச்சிட்டு நான் உங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் முடிக்கவில்லை.

"ஆனா உங்க மேல வெச்சிருந்த மரியாதை போயிடுச்சு மேடம். அதையும் அவகிட்ட சொல்ல மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. ஒன்றுக்கும் ஆகாததைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். என்னை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான்தான் மற்றவர்களை அப்படிப் பார்ப்பேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சரி என்றேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படிக்கா திடீர்னு?"

"யோசிச்சுப் பாத்தேன். காரணம் ஒண்ணும் கெடைக்கல."

மே 9, வெள்ளி

பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டேன். பேனா அவன்தான் கொடுத்தான். எல்லார் முன்னாலும் "அக்கா" என்றான். அழகாகவே சொன்னான்.

மே 19, திங்கள்

வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். பக்கத்து மேசை காலி. காலையில் வந்தால் படிக்க ஒன்றும் இல்லை. இன்னொரு ஆள் வேண்டுமா என்று கேட்டார் காலண்டர். வேண்டாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

தங்கை பேசினாள். புது வீட்டில் காற்று நன்றாக வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லி நாலாவது வாரமாகக் கூப்பிடுகிறாள். வேலை இருக்கிறது என்றேன்.

"இன்னும் அவரு மேல உனக்குக் கோவம். அதானே?"

"அதெல்லாம் இல்ல."

"அவரப் பாரு. இத்தன நாள்ல உன்னப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல, தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.