நன்மை வாங்காத மாப்பிள்ளை

9-7-1978, ஞாயிறு
இன்றைக்கும் பூசையில் சின்னப்பராஜ் நன்மை வாங்கவில்லை. என் தங்கச்சி சாந்தி மேரியின் புருஷன். உழவோ மழையோ, கோயிலுக்கு முதல் ஆளாக வந்து முழங்காலில் நிற்கிறவன். ஊரே எழுந்து போய் சாமியார் வைக்கிற அப்பத்துக்கு நாக்கை நீட்டுகிறது, இவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கிடக்கிறான். பாவம் பண்ணினவன்தானே நன்மைக்குப் பயப்படுவான்? சாமியாரே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். திருச்சி ஜில்லா முழுக்கத் தேடினாலும் என் கண்ணைப் போல ஒரு கண் கிடையாது.

11-7
தங்கச்சி சொன்னாள்: "வூட்டுல ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்கறாருண்ணே. பசிக்கலயாம்."
கடலைக் கொல்லையில் பாடுபடுகிறவனுக்குப் பசிக்காதா? வேறெங்கேயோ சாப்பிடுகிறான்.

14-7
செவ்வாய்தோறும் மாப்பிள்ளையை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் பார்ப்பதாக டீக்கடை அழகேசன் சொன்னான். போதும்! மீதியை நானே சொன்னேன் — பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு, பச்சைச் சேலைக்காரி, மூக்கில் ரெட்டைக் கல். கடையே வாயைப் பிளந்தது. அவளை நான் பார்த்ததில்லைதான். அதற்காக இல்லாமலா போய்விடுவாள்?

16-7, ஞாயிறு
இன்றும் வாங்கவில்லை. சாந்தி மேரியைக் கையோடு என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.
"அண்ணே, நீ கண்ணால பாத்தியா?"
"பாத்தேம்மா."
மாப்பிள்ளை வாசலில் நின்றான், வாயே திறக்கவில்லை. குற்றம் இல்லாதவன் சண்டைக்கு வருவானா மாட்டானா?

25-7, செவ்வாய்
கையும் களவுமாகப் பிடிக்க அதே பஸ்ஸில் பின்பக்கம் ஏறினேன். நான் போட்ட முக்காட்டில் பழகின கண்டக்டருக்கே ஆள் தெரியவில்லை! இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குள் போனான். சரிதான், நர்ஸம்மா என்று நினைத்தேன். வராந்தாவில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்து வாயில் வைத்தான். அத்தனையும் திரும்பி வந்தது. துண்டில் ரத்தம்.
என்னைப் பார்த்துச் சிரித்தான். குரலே இல்லை, வெறும் காற்றாகத்தான் பேச்சு வந்தது. தொண்டையில் புற்று. ஐப்பசி தாண்டாதாம்.
"ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"
"கடலை வூடு வந்து சேரட்டும், அப்புறம் சொல்லுவோம்னு இருந்தேன் மச்சான்."
"அப்ப நன்மை?"
"எச்சிலே எறங்கல. ஆண்டவரைத் துப்பிட்டேன்னா?"

26-7
விஷயத்தைச் சொல்லி, சாந்தி மேரியை அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவள் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

15-8
மாதா திருநாள். சாமியார் வீட்டுக்கே வந்தார். அப்பத்தில் ஒரு பொட்டு கிள்ளி, ஸ்பூன் தண்ணீரில் கரைத்து விட்டார். சாந்தி மேரி தாடையைத் தாங்கிக்கொண்டாள். இறங்கிவிட்டது. அவன் கண்ணில் தண்ணீர். எனக்குத் தூசி விழுந்திருந்தது.

2-9, சனி
விடியக்காலம் சின்னப்பராஜ் போய்விட்டான். சாவு மணி அடித்தும் பாதி ஊர் வரவில்லை. அப்பேர்ப்பட்ட கோயில்காரனுக்கு! டீக்கடையில் போய், "அது சீக்குடா, வேற ஒண்ணும் இல்லடா" என்றேன். "மாப்பிள்ளையை விட்டுக்கொடுப்பீங்களா மாமா" என்று அழகேசன் சிரிக்கிறான்.

10-10
கடலையை மண்டியில் போட ஜெயங்கொண்டம் போனோம், நானும் தங்கச்சியும். எங்களை யாரென்று தெரியாத வியாபாரி ஒருத்தன் ஆரம்பித்தான்: "உங்க பக்கம் ஒரு கோயில்காரர் செத்தாராமே. ரெண்டு வூடாம். அந்த வூட்டுல ஒரு பொம்பளப் புள்ளகூட இருக்காம்."
பிள்ளை நான் சொன்னதில்லை.
"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.
"உங்களுக்குத் தெரியாதுங்க. கண்ணால பாத்த ஆளே சொல்லியிருக்காரு."
மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த சாந்தி மேரி நிமிரவே இல்லை.
"யாரு பாத்ததுன்னு கேளுண்ணே."
நான் கேட்கவில்லை.