தாண்டிப்போன பேரீச்சம்பழத் தட்டு

பக்கத்து வீட்டு நானா,

எழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேனையை இறுக்கிப் பிடிப்பதால் விரல் வலிக்கிறது. என்றாலும் சந்தோஷமாக இருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் நானே எழுதும் முதல் கடிதம் இது. எனக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்ல நீங்கள் இல்லாமல் போனதால்தான் நூலகத்துத் தமிழ் வகுப்பில் சேர்ந்து எழுத்துப் பழகினேன்.

நேற்றுப் போட்ட சட்டையில் நோன்புக் கஞ்சியின் வாசம் இன்னும் இருக்கிறது. இஞ்சி, ரம்பை இலை, தேங்காய்ப்பால். மவுண்ட் ரோஸ்கில்லில் உங்கள் வீட்டு வேலிக்கு மேலால் வரும் சட்டியின் அதே வாசம். வெள்ளிக்கிழமை விரதத்தில் நான் பால் தேத்தண்ணி குடிப்பதைப் பார்த்து, "அண்ணை, இது விரதமில்லை, காலைச் சாப்பாடு" என்று சிரிப்பீர்கள்.

போன குளிர்காலத்தில் இரண்டு கார்க்காரர் தங்களுக்குள் சுட்டுக்கொண்டபோது, பஸ்ஸுக்கு நின்ற உங்கள் மேல் ஒரு குண்டு பட்டது. சுட்டவனுக்கு உங்களைத் தெரியாது. நான் ஓடி வந்தபோது நீங்கள் வாங்கிய கொத்தமல்லித் தழை நடைபாதையில் சிதறிக் கிடந்தது.

இந்த நோன்பு மாதம் சனிக்கிழமைதோறும் பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றிலிருந்தும் ஆட்கள் தேவாலய மண்டபத்தில் கூடி நோன்பு திறக்கிறோம். எங்கள் வீடுகளில் துப்பாக்கி இருக்காது என்று உறுதி சொல்லி வாசலில் ஒரு தாளில் பெயர் எழுதுகிறோம். நேற்று உங்களுக்காக நானும் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு பிடித்துப் போனேன். பெயரை எழுத வெகுநேரம் பிடித்தது. பின்னால் நின்ற ஒரு அம்மா, தாள் நழுவாமல் விரலால் அழுத்திப் பிடித்து, அவசரமில்லை என்றா. எழுதி முடித்ததும் நான் சிரித்தேன். அவவும் சிரித்தா.

அவ எனக்கு வலப்பக்கம் வந்து இருந்தா. இடப்பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார், அவதான் உங்களைச் சுட்டவனின் தாய் என்று. தாளில் என் பெயருக்குக் கீழே அவவின் பெயர்.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத் தட்டு என் கைக்கு வந்தது. நான் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவவின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, தட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன். வாங்க நீட்டிய கையை அவ மடியில் வைத்துக்கொண்டா.

எதிரே இருந்த உங்கள் மனைவி எழுந்து வந்து, தன் பழத்தை அவவின் கையில் வைத்தா. பிறகு என்னிடம் மெதுவாக, "அண்ணை, அவவும் விடிஞ்சதிலயிருந்து ஒண்டும் சாப்பிடல்ல" என்றா.

நான் அவவைப் பார்க்காமல் கஞ்சிக் கோப்பையை எடுக்கப்போய், சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருக்க மாட்டீர்கள். தட்டை வாங்கி நீங்களே அவவுக்குக் கொடுத்திருப்பீர்கள். அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. அவவின் மகனை மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுத எனக்கு வராது. ஆனால் வருகிற சனிக்கிழமை அவ வந்தால், அவவுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். தட்டு வந்தபோது என் கை எந்தப் பக்கம் போனது என்று ஞாயிற்றுக்கிழமை உள்ளபடி உங்களுக்கு எழுதுகிறேன்.